ஃபாசில் ஃப்யூல்: தமிழ்ல புதைபடிவ எரிபொருள்

ஃபாசில்னு சொன்னா டைனோசர் எலும்புதான் பாதி பேருக்கு ஞாபகம் வரும், அப்ப நிலக்கரியை ஏன் ஃபாசில்னு சொல்றாங்கன்னு பசங்க கேட்டா முழிக்கிறோம். மூலம் லத்தீன். ஃபோடெரேன்னா தோண்டுறது, ஃபோசிலிஸ்னா தோண்டி எடுத்தது, அவ்வளவுதான். முன்னாடி இங்கிலீஷ்ல மண்ணுக்குள்ள இருந்து எடுத்த கல்லு, தாது எல்லாமே ஃபாசில்தான், பழைய உயிரோட எச்சம்ங்கிற அர்த்தம் அப்புறமா ஒட்டிக்கிட்டது. நிலக்கரிக்கு ரெண்டுமே பொருந்தும்: ஜார்க்கண்ட்ல ஜாரியா, மேற்கு வங்கத்துல ராணிகஞ்ச் பக்கம் தோண்டுற கரி 25 கோடி வருஷத்துக்கும் முன்னாடி சதுப்புல விழுந்த மரஞ்செடி, முழுசா மக்காம மண்ணுக்கடியில அமுங்கி, சூடேறி, கரியாகிக் கிடக்குது.

தமிழ்ல புதைபடிவ எரிபொருள்தான் சரியான சொல். புதைஞ்சு படிஞ்சது, கேட்டவுடனே புரியுது. சிலர் படிம எரிபொருள்னு எழுதுறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, படிமம்னா நமக்கு சிலை, இல்லன்னா கவிதையில வர்ற படிமம். வெறும் நிலக்கரின்னு சொன்னாலும் பத்தாது, டெல்லியிலயே பவானா மின் நிலையம் கேஸ்ல ஓடுது, அதுவும் புதைபடிவம்தான். அனல்மின்சாரம்ங்கிற சொல்லும் சூடு எதுல இருந்து வருதுன்னு சொல்லாது.

ஒரு நாட்டோட கரண்ட் இதை எவ்வளவு நம்பியிருக்கோ அதுதான் புதைபடிவ எரிபொருள் சார்பு. இதைப் பேசும்போது நிறுவுதிறனையும் (எல்லா பிளான்ட்டும் சேர்ந்து அதிகபட்சமா எவ்வளவு கரண்ட் தர முடியும்ங்கிறது) உற்பத்தியையும் (நிஜமா எவ்வளவு தந்ததுங்கிறது) தயவுசெஞ்சு கலக்காதீங்க. 2025ல இந்தியாவோட நிறுவுதிறன்ல பாதி புதைபடிவம் சாராததா ஆயிடுச்சு, சந்தோஷமான விஷயம், ஆனா சோலார் பேனல் ராத்திரி வேலை செய்யாது, ஜூன் மாசத்துல ராத்திரி முழுக்க வீட்டுக்கு வீடு ஏசி ஓடுது, அதனால நிஜமா உற்பத்தியாகுற யூனிட்ல ஏறக்குறைய முக்கால்வாசி இன்னும் நிலக்கரிதான்.

பதர்பூர் அனல்மின் நிலையத்தை 2018 அக்டோபர்ல மூடிட்டாங்க, அதோட டெல்லி கரியை விட்டுடுச்சுன்னு இங்க டெல்லியில இருக்குற நம்ம ஆளுங்களே நெறைய பேர் நினைக்கிறாங்க. கரி எரியுற இடம்தான் மாறியிருக்கு, உத்தரப் பிரதேசம், ஹரியானான்னு வெளி மாநிலத்துல எரிஞ்சு கரண்ட் மட்டும் லைன்ல இங்க வருது. நம்ம நாட்டுக் கரி நூறு கிலோ எரிச்சா 30, 40 கிலோ சாம்பல் மிஞ்சும், அதை அங்க பக்கத்துல குடியிருக்குறவங்கதான் மூச்சுல இழுக்குறாங்க, நாம கணக்குல எடுத்துக்கிறதே இல்ல.

நம்ம வீட்டுக் கணக்குலயும் இந்த சார்பு இருக்கு. டெல்லி கரண்ட் பில்லுல யூனிட் சார்ஜுக்குக் கீழ பிபிஏசின்னு ஒரு லைன் இருக்கும் பாருங்க, கரி, கேஸ் விலை ஏறினா டிஸ்காம், அதாவது நம்ம வீட்டுக்கு கரண்ட் சப்ளை பண்ற கம்பெனி, கரண்ட் வாங்குற செலவும் ஏறும், அந்த வித்தியாசத்தை நம்மகிட்ட வசூல் பண்றது அதுலதான்.