மீ (கரண்ட்) வந்ததும் அணைந்துபோகும் லேப்டாப்

“தம்பி, மதர்போர்டு போயிருச்சாம். புதுசு வாங்கிக்கச் சொல்லிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே யாங்கூன் கம்பையிலிருந்து வந்த ஓர் அக்கா, ஏப்ரல் மத்தியானம் ஒன்றில் என் ரிப்பேர் கடை மேசைமேல் லேப்டாப்பை வைத்தார். எட்டு வருஷம் உழைத்த மெஷின். கடைக் கணக்கு, பையனின் ஆன்லைன் பாடம் எல்லாம் அதில்தான். அரை மணி நேரம் ஓடும், ஃபேன் இரையும், அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். உடனே ஆன் செய்தால் அடுத்த தடவை ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. போன இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேனுக்கும், சூடான காற்று வெளியே போகிற தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலம். விரலால் இழுத்தபோது முழுசாக உரிந்து வந்தது, சாம்பிராணி வாசனையோடு. வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்து மேசையில் வருஷக்கணக்காக அந்த லேப்டாப் இருந்திருக்கிறது. சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தூசி வெறும் தூசியாக இருக்காது, ஒட்டிக்கொள்ளும். தூசியை எடுத்து, ப்ராசசர் மேல் காய்ந்து கல்லாகிக் கிடந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்து மூடினேன். அன்று சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அணையவில்லை.

இந்த மாதிரி மாதம் நாலைந்து பார்க்கிறேன். நல்ல மெஷின்களைப் பழுது என்று நம்பித் தூக்கிப்போடுகிறார்கள், கடன் வாங்கிப் புதிது எடுக்கிறார்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சூட்டில் அணைவது லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை. ப்ராசசரின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். “லேப்டாப் ஸ்லோவா இருக்கு” என்று நீங்கள் சொல்வது பல நேரம் இதைத்தான். அப்படிக் குறைத்தும் அடங்காமல் சூடு மேலே போனால் கரண்டையே வெட்டிவிடும், விண்டோஸிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவகாசம் இருக்காது. அதனால்தான் திரையில் எந்தச் செய்தியும் வருவதில்லை. விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் போய்ப் பார்த்தால் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு மட்டும் இருக்கும். சரியாக மூடாமல் நின்றுபோனது என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது, அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அணைந்தவுடனே திரும்பத் திரும்ப ஆன் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே சூடு இறங்கவே இல்லாதபோது மறுபடி வேலை வாங்கினால் பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்னப் பாகங்களும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து வேகின்றன, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல்கள் கெடுவது வேறு.

இப்போது யாங்கூனுக்கே உரிய கஷ்டத்துக்கு வருகிறேன், இதுதான் என் கடையில் நான் அதிகம் பேசுவது. இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. “மீ லா பீ!” (கரண்ட் வந்துருச்சு!) என்று தெருவில் சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவோம், மோட்டார் போடுவோம், சோறு வைப்போம், லேப்டாப்பையும் சார்ஜரில் குத்துவோம். லேப்டாப்பின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பேட்டரி காலியாக இருப்பதால் முழு வேகத்தில் சார்ஜ் ஏறுகிறது, அதுவே ஒரு சூடு. அதே நேரத்தில் மணிக்கணக்காகத் தேங்கிக் கிடந்த விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம் இறங்குகிறது, நீங்கள் வீடியோ பாடத்தையும் திறக்கிறீர்கள். மூன்று சூடும் ஒரே மணி நேரத்தில், அதுவும் பெரும்பாலும் பகல் வெயிலில். அறைச்சூடு வேறு. பெரும்பாலான லேப்டாப்புகளை 35 டிகிரி வரையிலான அறைச்சூட்டில் ஓடத்தான் தயாரிக்கிறார்கள், இங்கே ஏப்ரலில் அறையே அதைத் தாண்டிவிடுகிறது. 2024 ஏப்ரல் 28 அன்று மாக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அறை ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். தகரக் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்து ஓட்டினால் ஃபேன் எவ்வளவுதான் சுற்றும்?

அதனால் கரண்ட் வந்ததும் முதல் முக்கால் மணி நேரமாவது லேப்டாப்பைத் தூங்க வைத்துச் சார்ஜ் மட்டும் ஏற விடுங்கள், பெரிய வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இல்லை என்றால் இன்னொரு வழி: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் ப்ராசசர் வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுக்கிற டர்போ வேகத்தையே அது நிறுத்திவிடுகிறது, சூடு நன்றாகவே இறங்கும். மெயில், கணக்கு, பாடம் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. சில மாடல்களில் அந்த இடம் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன்.

எல்லா அணைதலும் சூட்டால் வருவதில்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சார்ஜர் இல்லாமல் ஓடும்போது மட்டும், அதுவும் 30, 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது என்று அர்த்தம். பழைய செல் வேலை கூடும் நேரத்தில் தேவையான கரண்டைக் கொடுக்க முடியாமல் விழுந்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்டில் powercfg /batteryreport என்று அடித்தால் ஓர் அறிக்கை வரும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறுகிற கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்படலாம். ஃபேன் சத்தமே இல்லை, அடிப்பக்கம் மட்டும் சுடுகிறது என்றால் ஃபேன் செத்திருக்கலாம், காதை வைத்துக் கேட்டாலே தெரியும். ஆற வைத்துக் காலையில் ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில் சும்மா விட்டாலும் சில நொடிகளில் அணைகிறதா, அப்போதுதான் போர்டு, சார்ஜர் என்று யோசிக்க வேண்டும். சூட்டை நேரடியாகப் பார்க்க எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) அல்லது கோர் டெம்ப் (Core Temp) என்கிற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. சும்மா இருக்கும்போதே 80 டிகிரிக்கு மேல் நின்றால் திறந்து சுத்தம் பண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரையும் ஒரு தடவை பாருங்கள். திருட்டு சாஃப்ட்வேரோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்று ப்ராசசரை ஓயாமல் ஓட வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் மூன்று மாதமாகக் கூலிங் பேட் மாற்றிக்கொண்டிருந்தான்.

வீட்டில் நீங்களே சுத்தம் பண்ணலாமா? வெளியிலிருந்து காற்றடிப்பது பரவாயில்லை, ஆனால் ஃபேனை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டு அடியுங்கள். அடிக்கிற வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். அந்த அக்கா வீட்டு லேப்டாப் மாதிரி படலம் படிந்துவிட்டால் வெளியிலிருந்து அடிக்கிற காற்று அதை இன்னும் இறுக்கத்தான் செய்யும், திறந்தே ஆக வேண்டும். பேஸ்ட் மாற்றுபவர்கள் பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓர் அரிசி அளவுக்கு வைத்தால் போதும், பற்பசை மாதிரி அப்ப வேண்டாம். ப்ராசசர் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகப் பாகமான ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் சிப் உடையக்கூடும். மெமரி சிப் மேல் இருக்கிற மெத்தென்ற பேடை எடுத்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவுகிறார்கள், அது தப்பு, அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி வாய் பிளந்து மூட மாட்டேன் என்றாலோ உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது லித்தியம், ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். குழந்தைகள் படுக்கிற அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடுகிற மாடல்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் அப்படியே அணையும் என்பதால் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ இல்லாமல் அப்படி ஓட்ட வேண்டாம்.

அதே மாதிரி ஐஸ். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறை முடிந்த வாரத்தில் ஒரு தம்பி ஈரத் துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி லேப்டாப்புக்கு அடியில் வைத்திருந்ததாகச் சொன்னான். குளிர்ந்த உலோகத்தில் இந்த ஊர்க் காற்றின் ஈரம் வியர்த்துத் தண்ணீராக நிற்கும், அவன் போர்டில் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி துரு. தூசிக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, போர்டு மாற்றுவதில் போய் நின்றது. அவன் படிப்பு வேலை முழுவதும் அதற்குள்தான் இருந்தது, டிஸ்க்கைத் தனியே கழற்றி ஃபைல்களை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவன் முகம் மாறியது. மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை காற்றில் ஈரம்தான், அந்த நாட்களில் லேப்டாப்பை ஜன்னலோரத்தில் விடாதீர்கள்.

கம்பை அக்கா இப்போது இரண்டு பழைய டைல்ஸ் துண்டுகளை இரண்டு ஓரத்திலும் முட்டுக்கொடுத்து, நடுவில் காற்று போகிற மாதிரி லேப்டாப்பை வைக்கிறார், சாமி அலமாரி இருக்கும் சுவரிலிருந்து மேசையையும் தள்ளிப் போட்டுவிட்டார். உங்களுடையதைக் கடைக்கு எடுத்துவருவதாக இருந்தால் மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு அணைந்தது, சார்ஜரில் இருந்ததா, கரண்டா ஜெனரேட்டரா, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜரையும் மறக்காமல் கூடவே கொண்டுவாருங்கள்.