இறப்புக் கணக்கில் விடுபடுகிறவர்கள்

சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் நோயாளித் தரவுகளைப் பகுத்தாய்வது என் வேலை. "எங்கள் பிரிவில் இறப்பு 30 சதவீதம், இது அதிகமா?" என்று மருத்துவர்கள் கேட்பார்கள். வந்தவர்கள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதற்கு, நோயின் தீவிரத்தை அளக்கும் அபாச்சி 2 மதிப்பெண் (1985இல் வெளியானது) இன்றும் உதவுகிறது. முதல் 24 மணி நேரத்தின் 12 உடலியல் அளவுகள், வயது, நாட்பட்ட நோய்கள், சேர்க்கப்பட்ட காரணம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவரின் இறப்பு வாய்ப்பையும் கணிக்கிறோம். அவற்றின் கூட்டுத்தொகைதான் எதிர்பார்க்கப்படும் இறப்பு. உண்மையான இறப்பை அதனால் வகுக்க வேண்டும்.

30 பேர் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 36 பேர் இறந்தால் விகிதம் 1.2. உடனே யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 0.84 முதல் 1.66 வரை; 1 என்பதும் அதற்குள் இருப்பதால் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். 300க்கு 360 என்றாலும் அதே 1.2தான். ஆனால் இடைவெளி 1.08 முதல் 1.33 வரை என்று சுருங்கிவிடும். அப்போது காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

விகிதம் 1 என்று வந்தாலும் நிம்மதி அடையக் கூடாது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்த இளைஞர் முதல் நாள் தேறியதுபோல் இருப்பார்; இரண்டாம், மூன்றாம் நாளில் சுவாசத் தசைகள் தளர்ந்துவிடலாம். முதல் நாள் மதிப்பெண்ணுக்கு அது தெரியாது. அபாயம் குறைந்தவர்களிடையே கூடுதல் இறப்பும், மிகுந்தவர்களிடையே குறைவான இறப்பும் இருந்தால் மொத்தக் கணக்கு சரியாகவே தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நோயாளிகளை அபாய வரிசையில், வழக்கமாக 10 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்த இறப்பையும் உண்மையான இறப்பையும் ஒப்பிடும் ஹாஸ்மர்-லெமஷோ சோதனை. எண்பது பேரை வைத்து அதைச் செய்துவிட்டு, பி மதிப்பு (கணிப்பு சரியாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05ஐத் தாண்டியதால் 'பொருந்துகிறது' என்று எழுதுவது தவறு. அத்தனை சிறிய எண்ணிக்கையில் பொருத்தமின்மை பெரும்பாலும் கண்ணில் படாது.

எந்தச் சோதனையும் பிடிக்காத ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொண்டுவரப்பட்டவரை, இனி பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும், "உயிர் வீட்டிலேயே போகட்டும்" என்று குடும்பத்தார் அழைத்துச் செல்கிறார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் பதிவேட்டில் அவர் 'மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறியவர்'. 80 சதவீத அபாயத்துடன் இப்படிப் பத்துப் பேர் சென்றால், எதிர்பார்ப்பில் எட்டு இறப்புகள் சேரும். உண்மைக் கணக்கில் ஒன்றுகூடச் சேராது. சிகிச்சை மேம்படாமலேயே விகிதம் அழகாகிவிடும்.

வெளியேறும்போதே தொலைபேசி எண்ணை வாங்கி, 30ஆம் நாள் விசாரியுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தகவல் கிடைக்காதவர்கள் அனைவரும் பிழைத்ததாக ஒரு முறையும், இறந்ததாக ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டு விகிதங்களையும் அறிக்கையில் அருகருகே வெளியிடுங்கள்.