இஃப் வரியை மடித்தேன், கமா தொலைந்தது

சில வருடங்களுக்கு முன்பு நானே செய்த தப்பு இது. ஒரு ஆன்லைன் கடைக்குப் பைத்தானில் எழுதிய கோட். ஆர்டரைப் பேக்கிங்குக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் இஃப் வரியில் ஐந்து நிபந்தனைகள். திரையைத் தாண்டி ஓடியது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வரிக்கு ஒன்றாக மடித்தேன்.

அதில் ஒன்று, ஆர்டரின் நிலை 'பெய்டு' அல்லது 'சிஓடி'யாக (பொருள் கைக்கு வந்ததும் பணம்) இருக்க வேண்டும் என்பது. பிராக்கெட்டுக்குள் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தபோது நடுவிலிருந்த கமா போய்விட்டது. பைத்தான் வாயே திறக்காது. கமா இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஸ்டிரிங்கையும் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) ஒட்டி 'பெய்டுசிஓடி' ஆக்கிவிடும். அப்புறம் அது டியூப்பிள் (பல மதிப்புகளின் வரிசை) இல்லை, வெறும் ஸ்டிரிங். உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' அந்த எழுத்துகளுக்குள்தான் தேடும். பெய்டு உள்ளே இருக்கிறது, சிஓடியும் இருக்கிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ்!

ஆனால் வெற்று ஸ்டிரிங் எந்த ஸ்டிரிங்குக்குள்ளும் இருப்பதாகத்தான் பைத்தானுக்குக் கணக்கு. பணம் கட்டாமல் பாதியில் நின்ற ஆர்டர்களின் நிலையை நாங்கள் வெற்றாக விட்டிருந்தோம். அத்தனையும் பேக்கிங்குக்குப் போயின. ரிவியூ செய்தவரைக் குறை சொல்ல முடியாது. 'அலைன்மென்ட் மட்டும்' என்று குறிப்பு எழுதியவனே நான்தான்.

இப்போது இந்த மாதிரி இடத்தில் செட்டாக (சுருள் பிராக்கெட்டுக்குள் வரும் தொகுப்பு) எழுதுகிறேன், கடைசிச் சொல்லுக்குப் பின்னும் கமா போடுகிறேன். நடுக் கமா விட்டுப்போனால் 'பெய்டு'கூடப் பொருந்தாது, டெஸ்ட் அன்றைக்கே விழும். ஆனால் இஃப் நிபந்தனை முழுவதையும் சுற்றிய பிராக்கெட்டின் கடைசியில் கமா வரவே கூடாது. வந்தால் அது டியூப்பிளாகி எப்போதும் உண்மையாகிவிடும்.

வரியை உடைக்க அந்தப் பிராக்கெட்டே போதும். வரி தொடர்கிறது என்று காட்டும் பேக்ஸ்லாஷ் வேண்டாம், அதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலே சின்டாக்ஸ் எரர். (அது கத்தியாவது சொல்கிறது, சரி.) நிபந்தனைகளை இணைக்கும் ஆண்ட், ஆர் இரண்டையும் வரியின் தொடக்கத்தில் வைக்கிறேன், பைத்தானின் எழுத்து நடைக்கான பெப் 8 வழிகாட்டியும் 2016இல் அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டும் கலந்து வந்தால் உள்ளே தனி பிராக்கெட். ஆண்ட்தான் முதலில் ஒட்டும் என்பது மடித்த வரிகளைப் பார்த்தால் தெரியாது.

நிபந்தனைகள் இன்னும் கூடினால் மடிப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து வேரியபிளாக வெளியே எடுக்கிறேன். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இஃபுக்குள் 'வாடிக்கையாளர் இருக்கிறாரா' என்பது பொய்யானால் ஆண்டுக்குப் பின்னால் உள்ளதைப் பைத்தான் தொடாது. வேரியபிளாக எடுத்தால் எல்லாமே ஓடும், வாடிக்கையாளர் இல்லாதபோது அங்கே இருக்கும் 'நன்' என்ற வெற்று மதிப்பிடம் போய் முகவரி கேட்டு எரர் ஆகும். அந்த மாதிரி நிபந்தனையைச் சின்ன ஃபங்ஷனாக எழுதி, இஃபுக்குள்ளேயே கூப்பிடுகிறேன்.