ஏலத்தில் ஜெயித்தவர் ஏன் திவாலாகிறார்?

“இத்தனை கணினி, இத்தனை நிபுணர்கள் இருந்தும் சுங்கச் சாலை போட்ட கம்பெனிகள் எப்படித் திவாலாகின்றன?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஆற்றுக்கு அடியில் ஓடும் கிளெம்7 சுரங்கச் சாலை.

2010 மார்ச்சில் திறந்தார்கள். நாளுக்கு 90,000 வண்டிகளுக்கு மேல் வரும் என்று கணிப்பு. முதல் சில வாரங்கள் இலவசம், கூட்டம் பரவாயில்லை. கட்டணம் வாங்க ஆரம்பித்ததும் கணித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. 2011 பிப்ரவரியில் நிறுவனம் மூழ்கியது. சுமார் 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் விழுங்கிய சுரங்கம், 2013இல் 61.8 கோடிக்குக் கைமாறியது.

கணிப்பது எப்படி? ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, யார் எங்கே போகிறார்கள் என்று கணக்கெடுத்து, பத்து நிமிடம் மிச்சமாக எவ்வளவு கொடுப்பார்கள் என்று மதிப்பிடுவார்கள். அப்புறம் ஆண்டு வளர்ச்சியைச் சேர்ப்பார்கள். அது 2 சதவீதமா 3 சதவீதமா என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் 30 ஆண்டில் முதலாவது 1.8 மடங்கு, இரண்டாவது 2.4 மடங்கு. முப்பது வருஷ ஜாதகம் எழுதுபவரைக் கேலி செய்யும் நாம், இதே முப்பது வருஷத்துக்கு ஒற்றை வண்டிகூடப் பிசகாமல் கணக்கு தரும் அறிக்கைக்குக் கோடிகளைக் கொட்டுகிறோம்!

சரி, தவறு நடக்கட்டும். சிலது கூடவும் சிலது குறையவும் போய்ச் சமன் ஆக வேண்டுமே? ஆகவில்லை. 104 சுங்கச் சாலைகளை அலசிய ராபர்ட் பெய்ன், கணித்த வண்டிகளில் சராசரியாக 77 சதவீதமே வந்ததைக் கண்டார்.

ஆசையும் அழுத்தமும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த காரணம் வேறு. சாலை போட்டு இத்தனை ஆண்டு சுங்கம் வசூலிக்கும் உரிமையை அரசு ஏலம் விடுகிறது; ஐந்து கம்பெனிகள் வருகின்றன. உண்மையில் வரப்போவது 50,000 வண்டிகள். அவர்களின் மதிப்பீடு 35, 44, 50, 56, 65 ஆயிரம். யாரும் பொய் சொல்லவில்லை. சராசரி எடுத்தால் அச்சு அசலாக 50. ஆனால் அரசுக்கு அதிகத் தொகை தருவதாக யாரால் சொல்ல முடியும்? 65 என்று நம்புகிறவரால்தான். சரியாகக் கணித்தவர் மூன்றாவதாக வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஏலம் என்பதே இருப்பதில் பெரிய தவறைப் பொறுக்கி எடுக்கும் சல்லடை. போட்டியாளர் ஐந்துக்குப் பதில் பதினைந்து என்றால் அரசு மகிழும். ஆனால் ஆள் கூடக்கூட, உச்சியில் நிற்கிற தவறும் பெரிதாகும்.

இதை முதலில் எழுதியவர்கள் எண்ணெய்க்காரர்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் பிடித்தவர்களுக்கு ஏன் லாபம் மிஞ்சவில்லை என்று மூன்று பொறியாளர்கள் 1971இல் விளக்கினார்கள். வென்றவரின் சாபம் என்று அதற்குப் பெயர்.

சிலி நாட்டுக்காரர்கள் 1998இல் சாந்தியாகோ–வால்பரைசோ சாலைக்கு ஏல முறையையே மாற்றினார்கள். எத்தனை ஆண்டு என்ற பேச்சே கிடையாது. இன்றைய மதிப்பில் மொத்தம் எவ்வளவு வசூலானால் போதும்? குறைவாகக் கேட்டவருக்குச் சாலை. வண்டி குறைந்தால் ஒப்பந்தம் நீளும். கூடினால் சாலை சீக்கிரமே அரசிடம் திரும்பும்.