புல்லோடு சேர்ந்து போகும் மண்

கம்பு நேப்பியர் தீவனப்புல் பயிரிட்டவர்கள் மண் பரிசோதனைக்கு மாதிரியோடு வரும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். முதல் வருடம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வந்தது. இப்போது தூர் சிறுத்து, அறுப்பும் தள்ளிப்போகிறது. வேறு கரணை (நடும் தண்டுத் துண்டு) வாங்கி நடலாமா? நடலாம். இரண்டு வருடத்தில் அதுவும் சிறுத்துப்போகும். காலியாகியிருப்பது மண்.

தீவனப்புல்லில் மண்ணுக்கு மேலே வளர்வதையெல்லாம் 45 நாளைக்கு ஒருமுறை அறுத்து எடுத்துக்கொண்டு போகிறோம். கோ-4, கோ-5 ரகங்கள் நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு ஆண்டில் 100 டன் பசும்புல்லைத் தாண்டும். அதில் தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் சுமார் 20 டன். அதில் புரதம் 10 சதவீதம், புரதத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 16 சதவீதம் என்று வைத்தால், வயலை விட்டுப் போகும் தழைச்சத்து 320 கிலோ. 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஏறக்குறைய 15 மூட்டை யூரியா! சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இதே அளவுக்குப் போகிறது, சில வயல்களில் கூடுதலாகவே. யூரியாவையாவது போடுகிறோம், பொட்டாஷை யாரும் நினைப்பதே இல்லை.

தூரைக் குனிந்து பாருங்கள். அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடியிலையின் ஓரங்கள் மட்டும் தீய்ந்து, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் சாம்பல் சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியாவைக் கொட்டிப் பயனில்லை.

எனக்குப் பெரிய ஆதங்கம் மாட்டுக் கொட்டகையைப் பார்க்கும்போதுதான். 30 கிலோ புல் தின்னும் மாட்டுக்குள் 100 கிராமுக்கு மேல் சாம்பல் சத்து போகிறது. 10 லிட்டர் பாலில் வெளியேறுவது 15 கிராம்தான். மீதியில் பெரும்பங்கு கோமியத்தில் இறங்கி, கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. சாணத்தைக் குப்பைக்குழியில் சேர்க்கிறோம், கோமியத்தை விட்டுவிடுகிறோம். கொட்டகைத் தரைக்குச் சரிவு கொடுத்து ஒரு தொட்டியில் பிடித்து, பாசனத் தண்ணீரோடு கலந்து புல்லுக்குப் பாய்ச்சினால் பொட்டாஷ் செலவு கணிசமாகக் குறையும். ஒரே பாத்தியில் தினமும் விடாதீர்கள். உப்பு சேரும், மிதமிஞ்சிய சாம்பல் சத்து புல்லில் மக்னீசியத்தையும் குறைத்துவிடும். பாத்தி மாற்றி விடுங்கள்.

யூரியாவை அறுத்த கையோடு ஈரத்தில் போட வேண்டும். அறுப்புக்கு முந்தின வாரம், அதுவும் வறட்சியில் வாடி நிற்கும் புல்லுக்குப் போட்டால், அதிலிருந்து வரும் நைட்ரேட் என்ற தழைச்சத்து உப்பு அடித்தண்டில் தேங்கி நிற்கும். அதைத் தின்ற மாடு மூச்சிரைத்து, தள்ளாடி, சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். இது பயமுறுத்தச் சொல்வதல்ல. அறிகுறி தெரிந்ததும் கால்நடை மருத்துவரை அழைத்தால் காப்பாற்ற மருந்து இருக்கிறது.

வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் போட்டவர்களுக்குத் தழைச்சத்துக் கவலை குறைவு. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிர் கலந்த விதையும், அடியுரமாக மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) முக்கியம்.

மண் மாதிரியை அறுப்பு முடிந்து, உரம் போடும் முன் எடுங்கள். வரப்பு, எருக்குழி ஓரங்களை விட்டுவிட்டு, தூர்களுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுவாருங்கள். பையின் மேல் சர்வே எண்ணோடு, தீவனப்புல் என்பதையும் எத்தனையாவது வருடம், வருடத்துக்கு எத்தனை அறுப்பு என்பதையும் எழுதுங்கள். உரப் பரிந்துரை அதை வைத்துத்தான் மாறும்.