மாதவிடாய் நிற்கும் வயதும் பெயரில்லாத லேகியமும்

சென்னை தண்டையார்பேட்டையில் உள்ள என் சிகிச்சையகத்துக்குச் சென்ற வாரம், காசிமேட்டில் மீன் விற்கும் 48 வயதுப் பெண்மணி ஒருவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் இருக்கும் மூன்று படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. "மாசம் நிக்கிற வயசும்மா, அதான் தூக்கமும் இல்ல, தெம்பும் இல்ல" என்று நோயின் பெயரையும் அவரே சொல்லிவிட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் கருநிற லேகியம் பாதி இருந்தது. மூடியில் விலையைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை. ஆறு மாதமாக அதைத்தான் சாப்பிட்டு வருகிறார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பே இல்லை. 12 கிராமுக்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் 6.2 இருந்தது. மாதத்தில் பத்து நாள் உதிரம் போனதை, நிற்கப் போகிற காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி வருபவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்போது இரவில் உடல் அனலாகி, வியர்த்து, தூக்கம் கலைவது உண்மைதான். ஆனால் அதே வயதில்தான் ரத்தசோகையும், தைராய்டு குறைவும், சர்க்கரையும், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் கோளாறும், மனச்சோர்வும் வருகின்றன. எல்லாமே களைப்பு என்ற ஒரே சொல்லோடுதான் வந்து நிற்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்த அணுக்கள், தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்று பரிசோதனைகளையும் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். அவற்றைப் பார்க்காமல் லேகியம், மூலிகை போன்ற எந்தத் துணைச் சிகிச்சையையும் தொடங்காதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு. ஒன்றும் செய்யாது என்றால் அதை ஏன் சாப்பிடுகிறீர்கள்? உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும், அளவு தவறினாலோ ஆள் மாறினாலோ கெடுதலும் செய்யும். தூக்கத்துக்குப் பாலில் சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் கலப்பது நம் வீட்டு வழக்கம். தூக்கம் வரவில்லையே என்று அதையே கரண்டிக் கணக்கில் போட்டவருக்கு நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்து, புத்தி தடுமாறி, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. அமுக்கிரா (அஸ்வகந்தா) சிலருக்குத் தூக்கத்தை ஓரளவு மேம்படுத்துவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதே அமுக்கிரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகமாக்கும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை மாத்திரைக்கும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. பெயரில்லாத டப்பாவிலோ ஸ்டீராய்டும் ஈயமும்கூட இருக்கலாம். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. அவரும் பெயரும் அளவும் எழுதித்தான் மருந்து தருவார்.

எது உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் பெரியது. எந்த நேரத்தில் படுத்தாலும் குறித்த நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் இருபது நிமிடம் போலப் புரண்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது, "இன்றைக்கும் தூங்க மாட்டேன்" என்ற பயத்தைப் பயிற்சி பெற்றவருடன் பேசித் தணிப்பது ஆகியவையே அதன் சாரம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது நன்றாகப் பலித்திருக்கிறது. யோகா அனலைப் பெரிதாகக் குறைக்காவிட்டாலும் தூக்கத்துக்குத் துணை செய்யும். அக்குபஞ்சரின் பலனும், குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலி ஊசியின் பலனும் பல ஆய்வுகளில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கின்றன. ஆகவே கடன் வாங்கி அதற்குச் செலவழிக்க வேண்டாம். எண்ணெய்க் குளியல் இதமாக இருந்தால் தாராளமாகக் குளியுங்கள். இரவு வியர்வையே தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் ஹார்மோன் சிகிச்சைதான் மிகுந்த பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது ஆகாது, மற்றவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. நீங்கள் சாப்பிடும் சூரணம், மாத்திரை எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்து வாருங்கள். நான் திட்ட மாட்டேன். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அந்த வாரமே வந்துவிடுங்கள், கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மீன்கார அம்மா ஏலத்துக்குப் போக இரவு இரண்டு மணிக்கு எழுகிறார். ஒரே அறை வீட்டில் பத்தரை மணி வரை டிவி ஓடுகிறது. மிச்சமிருக்கும் மூன்றரை மணி நேரத்தை எந்த மூலிகையாலும் ஏழாக்க முடியாது. எட்டு மணிக்கு டிவியை அணைத்து, விளக்கைக் குறைத்து, மின்விசிறிக்கு நேராக அவருக்குப் பாய் போட்டுக் கொடுங்கள்.