பைப் தண்ணீர் மணக்கிறது என்று ஊற்றிவிடாதீர்கள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் தண்ணீர்ப் பேச்சும் தொடங்கிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிணறு வற்றிவிட்டது, பவுசர் வரவில்லை என்பார்கள். கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரையில் கிணறு உவர்க்கிறது, பைப் சொட்டுகிறது என்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்யும் எனக்கு வீட்டு வாசல்களில் அதிகம் கிடைப்பது வேறொரு முறைப்பாடு. "பைப் தண்ணியில மருந்து மணக்குது மனே, குடிக்க ஏலாது. நாங்க குடிக்கிறது கிணத்துத் தண்ணிதான்."

எங்கள் வீட்டு மாமியும் இதைத்தான் சொல்கிறார். அதனால் இது படிக்காதவர்கள் பேச்சு என்று நான் தள்ளிவிடுவதில்லை.

ஆனால் அது கிருமியைக் கொல்லப் போடும் குளோரீனின் மணம். அதைத் தேடித்தான் நான் வீடு வீடாகப் போகிறேன். கையில் சிறிய கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் 10 மில்லிலீற்றர் தண்ணீர் பிடித்து, டி.பி.டி. குளிசை ஒன்றைப் போட்டுக் குலுக்கினால், குளோரீன் இருக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு கடுமையோ குளோரீனும் அவ்வளவு. வீட்டுக்கு வந்துசேரும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மூக்கு கூர்மையானவர்களுக்கு 0.3 மில்லிகிராமிலேயே வாசம் தெரிந்துவிடும். உடல்நலத்தைக் கணக்கில் எடுத்து உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 5 மில்லிகிராம். மணக்கிற நிலைக்கும் கெடுதல் செய்கிற நிலைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றால்தான் எனக்குக் கவலை. சுத்திகரித்த இடத்திலிருந்து உங்கள் வீடு வரைக்கும் வழியில் ஏதோ ஒன்று அந்தக் குளோரீனைத் தின்றிருக்கிறது.

வாசம் பிடிக்கவில்லையா? காலையில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுக் குடியுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

இனி அந்த இனிப்பான கிணற்றுத் தண்ணீருக்கு வருவோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாங்கள் குடியிருப்பது வெறும் மணல் திட்டில். மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர் நீரின் மேல், பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே 40 அடி மேலேறும் என்பதும் அதே கணக்குத்தான். கோடையில் மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்கிற வீட்டில் கிணறு முதலில் உவர்ப்பது இதனால்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தோம். உப்பு குறைவதற்குப் பதிலாகச் சில இடங்களில் கூடியது. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம், மழைக்கு விடுங்கள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அந்தக் கிணறுகளைக் கழுவித் தந்ததும் அடுத்தடுத்து வந்த மாரி மழைதான்.

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும், அது பெரிய ஆபத்தில்லை. நாக்குக்குத் தெரியாததுதான் ஆபத்து. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். 10 பேர்ச் காணி என்பது 2,700 சதுர அடி சொச்சம். அதில் வீடு, கிணறு, குழி மூன்றையும் வைத்து எப்படி 50 அடி விடுவது? உங்கள் குழியிலிருந்து விட்டாலும் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றோடு ஒட்டி இருக்கும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் இதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது. மணலுக்குள் தண்ணீர் வேகமாக நகரும். நீங்கள் இறைக்க இறைக்க அந்தக் குழியின் ஊறல் உங்கள் பக்கம் இழுபடும். கோடையில் கிணற்றில் தண்ணீர் குறைவு, குழிக்குள் போவது குறையவில்லை. பார்வைக்குப் பளிங்காக, வாய்க்கு இனிப்பாக இருக்கும் அந்தத் தண்ணீரின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறது என்று வரும். குடிநீருக்கான இலங்கைத் தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614 படி, 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி எல்லாம் வருவது இந்த வழியால்தான்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று என்ற இரசாயனம் போகாது. களுதாவளைப் பக்கம்போல மணல் நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் உரம் போட்டுச் செய்கிற இடங்களில் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் இது, தண்ணீர் வற்றக் காய்ச்சினால் இன்னும் செறிவாகும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள்.

அதற்காகப் பைப் தண்ணீரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மட்டக்களப்பு நகருக்கு வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி வருகிறது. அம்பாறைக் கரையோரத்துக்குக் கொண்டவட்டுவான் குளம். குளத்துத் தண்ணீருக்குச் சிறுபோக வயலும் பங்காளி. மட்டம் இறங்கி வெயில் ஏறினால் பாசி பிடிக்கும், மண் வாசம் அடிக்கும், அதைச் சுத்திகரிக்கக் குளோரீனும் கூடத் தேவைப்படும். கோடையில் மருந்து வாசம் தூக்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது நேரம் பிரித்துத் தண்ணீர் விடுவது. குழாய் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும் வரை, வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். அழுத்தம் போனதும், வெடிப்பைச் சுற்றிய மண்ணில் ஊறிக் கிடக்கும் அழுக்கு உள்ளே வரும். அந்த நேரம் பார்த்து யாராவது லைனில் நேரடியாக மோட்டரைப் பூட்டினால் கேட்கவே வேண்டாம், தெருவின் கழிவு நீரையும் சேர்த்து உறிஞ்சி முதலில் தன் வீட்டுக்கு எடுக்கிறார். "எல்லாரும் பூட்டுறாங்க சேர்" என்பார்கள். எல்லாரும் பூட்டுவதால்தான் கடைசி வீட்டுக்குக் காற்று வருகிறது. மோட்டர் வேண்டுமென்றால் நிலத்தடித் தொட்டி கட்டி, அதில் தானாக நிரம்பிய தண்ணீரை மேலே ஏற்றுங்கள். நின்ற தண்ணீர் திரும்ப வரும்போது முதலில் வருவதைச் செடிக்கு விடுங்கள். தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள்.

பவுசர் தண்ணீருக்கும் இதே கதைதான். பவுசரின் குழாயில் சோதித்தால் குளோரீன் காட்டும், அதே தண்ணீரை வீட்டுப் பரலில் மறுநாள் சோதித்தால் ஒன்றும் இருக்காது. வெயிலில் நின்ற பரல், உள்ளே வழுவழுப்பு, அதற்குள் பிள்ளைகள் கை விட்டுக் கோப்பையால் அள்ளுவது. குளோரீன் எப்படி மிஞ்சும்? அடியில் திருகுபைப் பூட்டிய பரல் வாங்குங்கள், நிழலில் வையுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பரல்களில் முன்பு என்ன இரசாயனம் இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை முழுதாக ஊற்றி, உள்சுவரைத் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைச் சுவரில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே அலசிவிட்டால் போகாது.

அப்புறம் ஐப்பசியில் மழை இறங்கியதும் எல்லாரும் கிணற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். அது அவசரப்படக் கூடாத நேரம். காய்ந்து கிடந்த நிலத்தின் அழுக்கெல்லாம் முதல் மழையோடு இறங்கும், நிலத்தடி நீர் உயர்ந்து குழிகளைத் தொடும். கிணற்றுக்குக் குளோரீன் போட்டுவிட்டுத்தான் குடிக்க எடுக்க வேண்டும். பக்கெட்டில் அள்ளி மதிப்பாகப் போடாதீர்கள். திறந்து கிடந்த தூளில் வீரியம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பகுதிப் பரிசோதகரைக் கூப்பிடுமுன் இரண்டு அளவு எடுத்து வையுங்கள்: கிணற்றின் விட்டம், கயிற்றில் கல் கட்டி இறக்கினால் நனையும் நீளம். இரண்டையும் அடியில் எடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நனைந்த நீளத்தால் பெருக்கி, 22 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை லீற்றர் என்று வரும். நாலடிக் கிணற்றில் ஆறடித் தண்ணீர் என்றால் 2,100 லீற்றர். எவ்வளவு தூள் போடுவது என்று அதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் பார்ப்போம்.